என் பூட்டு

உங்கள் மின்விசிறி லேசாக ஆடுகிறது, மேடம். மேலே ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஏணி கொடுத்தால் நானே முடுக்கிவிடுவேன். நீங்கள் விடமாட்டீர்கள், பரவாயில்லை. ஆள் அனுப்பச் சொல்லுங்கள். வருகிறவன் அரைகுறையாகத்தான் செய்துவிட்டுப் போவான். இந்தக் காலத்தில் யாருக்கும் வேலை தெரிவதில்லை.

படிப்பு முடிந்ததும் எல்லாரையும் போல நானும் அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி, அனுபவம் இருக்கிறதா என்று. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்பது அந்த நாற்காலிகளில் இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்போது அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தாலே மாமா ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்ள, இன்னும் தேடிட்டேதான் இருக்கியா?"

ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனிதர். அவர் வாயிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டு நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

கடைசியில் பார்சல் கிடங்கு ஒன்றில் பயிற்சி ஆளாக எடுத்தார்கள். பெட்டிகளைச் சுமந்து ஓடும் பெல்ட்டுகளைப் பழுதுபார்க்கும் பிரிவு. என்னோடு சேர்ந்த இன்னொருவன் எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்குச் சிரிப்பு என்றே பெயராகிவிட்டது. என்னைவிடச் சின்னவன். முதல் நாளே "அண்ணே, அண்ணே" என்று ஒட்டிக்கொண்டான். வருட முடிவில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னார், ஏதோ இனிப்பு கொடுப்பதைப் போல.

சிரிப்புக்குப் பெரிய அறிவெல்லாம் கிடையாது. மோட்டாரில் காதை வைத்து, "இந்த பேரிங் போயிடுச்சுண்ணே" என்பான். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். குருட்டு அதிர்ஷ்டம். அது ஒவ்வொரு முறையும் பலித்ததால் மற்றவர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட்டுக்குள் கை விடுவதற்கு முன் சுவரிலிருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் பூட்டைத் தொங்கவிட வேண்டும். பூட்டு தொங்கும்வரை யாராலும் சுவிட்சைப் போட முடியாது. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில். ஒருவர் பூட்டை மற்றவர் திறக்கக் கூடாது. இது ஒன்றுதான் அங்கே யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு.

சிரிப்பு தன் பூட்டை அலமாரியில் வைத்திருப்பான். அலமாரி கிடங்கின் அந்தக் கோடியில். ஒரு நாள் பெட்டிகள் குவிந்து சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தபோது அவன் பூட்டெடுக்க ஓடப் பார்த்தான்.

"என் பூட்டு தொங்குதுல்ல? உனக்கு வேற எதுக்கு?" என்றேன்.

தயங்கினான். பிறகு சிரித்துக்கொண்டே கையை விட்டான். அன்று நான் எதுவும் செய்யவில்லை. அடுத்த மாதமும் செய்யவில்லை. "அண்ணே, பூட்டு?" என்று குரல் கொடுப்பான். "தொங்குது" என்பேன். தொங்கும். ஒருநாள்கூட நான் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பூட்டு எங்கே இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துபோனது. ஒருவனுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்த எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். அந்த வருடம் நான் கற்றுக்கொண்ட தொழில் அதுதான்.

அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது சூப்பர்வைசர் என் தோளில் கை போட்டார். "சிரிப்பையே எடுத்துக்கலாம்னு இருக்கேன்பா. நீ அவனுக்கு அண்ணன் மாதிரி. உனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்." சந்தோஷம்தான் சார் என்றேன்.

மறுநாள் மதியம் பெல்ட்டின் உருளைகளுக்கு நடுவே ஒரு பெட்டி சிக்கிக்கொண்டது. சுவிட்சை அணைத்துப் பூட்டினேன்.

"அண்ணே, பூட்டு?"

"தொங்குது."

அவன் வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டான். சாவியை எடுத்து என் பூட்டைத் திறந்தேன். என் பூட்டை நான்தான் திறக்க வேண்டும், விதியே அதுதான். பிறகு சுவிட்சைப் போட்டேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவ்வளவு கெட்டவன் அல்ல நான். இருந்தது ஒரு வேலை. அதற்கு ஒரு கை போதும். உடனே நானே அணைத்தேன், நானே இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் தோளில் இறுக்கிக் கட்டினேன். அதனால்தான் உயிர் பிழைத்தான் என்று டாக்டரே சொன்னார். வேலை எனக்கு வந்தது. மாமா அன்று ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

இதோடு முடிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன், போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று. அவன் இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"நான் கைய எடுத்துட்டேன்னு நெனச்சு பூட்டத் தெறந்துட்டீங்க. அவ்ளோதான்ண்ணே. மறதி யாருக்குத்தான் வராது? போலீஸ்லயும் அப்டித்தான் சொல்லிருக்கேன். நீங்க மனசு விட்டுடாதீங்க."

அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான், மேடம். ஒரு பூட்டைக்கூடக் கூடவே வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

இப்போது கிடங்கு முழுக்க அதே பேச்சு. நல்ல பையன், பாவம், கொஞ்சம் மறதி. நான் பூட்டிய பிறகு சூப்பர்வைசர் வந்து ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். நேற்று சேர்ந்த பொடிசுகள் என் பக்கத்தில் வேலை என்றால் ஆளுக்கு இரண்டு பூட்டு போடுகிறார்கள். காலையில் கிளம்பும்போது மாமா, "சாவிய மறக்காம எடுத்துக்கிட்டியா மாப்ள?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்கள் காகிதத்தில் மறதி என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். நான் எதையும் மறக்கவில்லை. எல்லாம் கவனமாகச் செய்தது. சிரிப்பிடமும் யாராவது சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அரை நாள் லீவுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் போகாவிட்டால் அங்கே எதுவும் ஓடாது.