ஒரே மாதிரி ரெண்டு வரி

— ரெண்டு ரெண்டா இருந்ததையெல்லாம் ஒண்ணாக்கிட்டேன்னு நேத்து போன்ல பெருமையடிச்சியே, அது கம்ப்யூட்டர்ல எந்த டேபிள்ல?

— உள்ள வாங்க அண்ணி. வார்டை விட்டுட்டு யூனிஃபார்மோட மாடி ஏறி வந்து கேக்குற கேள்வியா இது? நர்ஸ் வேலை அலுத்துப்போய் என் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாத்திக்கிட்டு வரீங்களா?

— விளையாடாத வாண்டு. எந்த டேபிள்?

— ஸ்கேன் டேபிள். மாசமா இருக்கிறவங்க ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல வரி வரியா வந்து விழுமே, அந்தப் பட்டியல். ஸ்கேன் ரூம்ல நெட் அடிக்கடி கட்டாகுது. ரிப்போர்ட் போச்சா இல்லையான்னு தெரியாம அந்தப் பொண்ணு மறுபடி பட்டனைத் தட்டுறா. ஒரே ரிப்போர்ட் ரெண்டு வரியா வந்து உக்காந்துக்குது. கணக்கு இடிக்குதுன்னு மேனேஜர் என் உயிரை எடுத்துட்டாரு. உக்காந்து ஒரு எஸ்.க்யூ.எல். ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே அம்மா, ஒரே தேதி, ரெண்டு வரி இருந்தா ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடு. நேத்து சாயங்காலம் ஓட்டினேன். டேபிள் இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு.

— ஒரே அம்மா. ஒரே தேதி.

— ஆமா.

— வயித்துல ரெண்டு குழந்தை இருந்தா?

— அண்ணி, ரெட்டைன்னா ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி வரும். அம்மா நம்பர் ஒண்ணு, தேதி ஒண்ணு. பொறக்காத குழந்தைக்குப் பேரும் கிடையாது. ஸ்கிரிப்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

— அழுகையெல்லாம் அப்புறம். ஒரு பேஷண்ட். போன மாசம் ஸ்கேன்ல ரெண்டு துடிப்பு. நேத்துக் காலையில மறுபடி ஸ்கேன். இன்னிக்கு டாக்டரம்மா ஸ்க்ரீனைத் திறந்து பாக்குறாங்க, ஒண்ணுதான் இருக்கு. இந்த மாசத்துல சில சமயம் ஒண்ணு தானா நின்னுடும், இன்னொண்ணு நல்லா இருக்கு, மனசைத் தேத்திக்கன்னு சொல்லிட்டு ஆபரேஷனுக்குப் போயிட்டாங்க.

— ஸ்கேன் எடுத்த பொண்ணைக் கேட்டீங்களா?

— அவளுக்கு இன்னிக்கு லீவு. போனையும் அணைச்சு வச்சிருக்கா.

— படம் இருக்குமே.

— படமும் ஒண்ணுதான் வருது.

— வரும். படம் அந்த வரியோட ஒட்டிக்கிட்டிருக்கும். வரி போனா படமும் தெரியாது. அந்தம்மா எங்க இப்ப?

— இருக்கா. உக்காந்திருக்கா.

— தனியாவா? வீட்டுல யாரும் வரலையா?

— வீட்டுல யாருக்கும் சொல்லல. முன்னாடி ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லப் பாத்து, சொல்றதுக்குள்ள கலைஞ்சு போச்சு. புருஷனுக்கு மட்டும் தெரியும். டாக்டர் சொன்னதை அவர்கிட்டயும் இன்னும் சொல்லல. நீ தேடு வாண்டு. நேத்து ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த உன் பெருமைப் பேச்சுதான் இப்ப ஒரே நம்பிக்கை.

— தேடுறேன், தேடுறேன். நல்ல வேளை, ஒண்ணு பண்ணி வச்சேன். தூக்கின வரியையெல்லாம் அழிக்கல, தனியா இன்னொரு டேபிள்ல கொட்டி வச்சிருக்கேன். எதையும் ஒரேயடியா தூக்கிப் போட எனக்கு மனசு வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. பிஞ்ச செருப்பைக் கூட பத்திரப்படுத்துறவன்னு அண்ணன் வீட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பானே.

— உங்கண்ணன் இனிமே சிரிக்க மாட்டாரு. தேடு.

— அந்தம்மா நம்பர் சொல்லுங்க. எனக்குப் பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான் காட்டும்.

— சைபர், சைபர், நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு, ஆறு.

— சீட்டு கூடப் பாக்காம சொல்றீங்க.

— காலையிலேர்ந்து அதே நம்பரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அடி.

— அடிச்சாச்சு. ஓடுது. முதல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க அண்ணி, முகமே வெளுத்துக் கிடக்கு. காபி சொல்லட்டுமா?

— வேண்டாம், காபி குடிக்கறதில்ல இப்ப. என்ன வந்துச்சு?

— ஒண்ணும் வரல.

— ஒண்ணும் வரலைன்னா?

— தூக்கி வச்ச டேபிள்ல அந்த நம்பரே இல்ல.

— அப்ப உன் ஸ்கிரிப்ட் அதைத் தொடவே இல்லையா? முதல்லயே ஒரு வரிதான் வந்துச்சா?

— அப்படித்தான் காட்டுது.

— சரி.

— எழுந்திருக்காதீங்க.

— நான் போறேன் வாண்டு. வார்டுல ஆளில்ல.

— ஒரு நிமிஷம் இருங்கன்னா. கம்ப்யூட்டர் இல்லைன்னு சொன்னா அப்படியே நம்பிடறதா? என் பொழப்பே அது சொல்றதை நம்பாம இருக்கிறதுதான். நம்பர் சைபர்ல ஆரம்பிக்குதுல்ல?

— ரெண்டு சைபர்.

— இந்த டேபிளை நேரா கொட்டல நான். மேனேஜர் கண்ணால பாக்கணும்னாரு, எக்செல்ல இறக்கி அவருக்குக் காட்டிட்டு மறுபடி ஏத்தினேன். எக்செல்லுக்கு நம்பர் முன்னாடி சைபர் இருந்தா ஆகாது, முழுங்கிடும். நான் சைபரோட தேடினா எப்படிக் கிடைக்கும்? சைபரை எடுத்துட்டு அடிக்கிறேன், பாருங்க.

— நீயே பாத்துச் சொல்லு. நான் பாக்கல.

— இருக்கு.

— என்ன இருக்கு?

— ஒரு வரி இருக்கு. நேத்துத் தேதி, அதே அம்மா. கையை விடுங்க அண்ணி, மவுசைப் பிடிக்கணும். இன்னும் சந்தோஷப்படாதீங்க.

— ஏன்?

— நேத்து நெட் கட்டாகி அந்தப் பொண்ணு ரெண்டு தடவை தட்டியிருந்தாலும் இப்படித்தான் ஒரு வரி இங்க கிடக்கும். இது இன்னொரு குழந்தையா, இல்ல அதே குழந்தையோட நகலான்னு பாக்கணும். டாக்டர் பாத்த வரியையும் இதையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வைக்கிறேன். வாரக் கணக்கு ரெண்டுலயும் ஒண்ணு. அது ஒண்ணாத்தான் இருக்கும். நீளம்...

— சொல்லு.

— நீளமும் ஒண்ணு. புள்ளி கூட மாறல.

— ரெட்டைக்கு நீளம் ஒண்ணா இருக்கலாம். நான் பாத்திருக்கேன். இதயத்துடிப்பைப் பாரு, அது எங்க?

— கடைசிக் கட்டத்துல. எவன் கட்டினானோ இந்த டேபிளை, ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. இதோ. மேல நூத்து அறுபத்தொண்ணு.

— கீழ?

— நூத்து ஐம்பத்து நாலு.

— இன்னொரு தடவை படி.

— மேல நூத்து அறுபத்தொண்ணு, கீழ நூத்து ஐம்பத்து நாலு. நகலா இருந்தா ஒரு நம்பர் மாறாது அண்ணி. இது வேற குழந்தை. துடிச்சுக்கிட்டிருக்கு. ரெண்டும் இருக்கு. அண்ணி? நீங்க அழுதா நானும் அழுதுடுவேன், அப்புறம் யாரு டைப் அடிக்கிறது.

— அழல. நீ வேலையைப் பாரு.

— அழாமயா மூக்கை உறிஞ்சறீங்க. டிஷ்யூ அந்த டப்பால இருக்கு. இப்ப இந்த வரியைப் பழைய இடத்துல வைக்கிறேன், சைபரைச் சேத்து. முதல்ல தற்காலிகமா. எத்தனை வரி மாறுச்சுன்னு அதுவே சொல்லும். ஒண்ணுன்னு சொன்னாத்தான் உறுதி பண்ணுவேன். இனிமே என் ஜென்மத்துக்கும் ஒரே அமுக்குல முடிச்சேன்னு பெருமை பேச மாட்டேன்.

— எத்தனை சொல்லுது?

— ஒண்ணு. உறுதி பண்ணிட்டேன். டாக்டரம்மா பாக்குற பக்கத்தைத் திறக்கிறேன். குழந்தை ஒண்ணு, குழந்தை ரெண்டு, படமும் ரெண்டு. பாருங்க, இதைக் கூடப் பாக்க மாட்டேன்னா எப்படி?

— பாத்துட்டேன். நல்லாத்தான் படுத்திருக்கு ரெண்டும். இந்தப் பக்கம் இருக்கறது காலைத் தூக்கி வச்சிருக்கு பாரு.

— எனக்கு ரெண்டு கொட்டப்பாக்கு மாதிரிதான் தெரியுது. சரி, நீங்க சொன்னா கால்தான். இருங்க, இதே மாதிரி வேற யாராவது மாட்டியிருக்காங்களான்னு பாக்குறேன். நம்பர் ஒண்ணு, தேதி ஒண்ணு, துடிப்பு மட்டும் வேற. இன்னும் மூணு அம்மாங்க இருக்காங்க.

— அவங்களுக்கு டாக்டர் பாத்தாச்சா?

— இல்ல, எல்லாருக்கும் நாளைக்குத்தான் சீட்டு. இப்பவே திருப்பி வச்சுடறேன். ராத்திரி தானா ஓடுற மாதிரி போட்டு வச்சதையும் நிறுத்திட்டேன். மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், தப்பு என்னுதுன்னு. திட்டினா திட்டட்டும்.

— நானும் கூட வரேன். திட்ட விட மாட்டேன்.

— நீங்க என்ன, இவ்வளவு பண்ணினதுக்கு ஒரு வார்த்தை கூடத் திட்டாம நிக்கறீங்க? அந்தம்மா காலையிலேர்ந்து என்ன பாடு பட்டிருப்பாங்க. கூப்பிடுங்க அண்ணி அவங்களை. வெளியிலதானே உக்காந்திருக்காங்க? நானே ரெண்டையும் காட்டி, கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

— வெளியில யாரும் இல்ல வாண்டு. உங்கண்ணனுக்குப் போன் போட்டுக் குடு, நம்ம ரெண்டும் நல்லா இருக்குன்னு நானே சொல்லணும்.