கோடு போடாத போல்ட்டு

கலைமதி: …அதுக்குன்னு நம்ம ரோபோட்டு பிளேடு மட்டும் தனியா பறந்து போய் ரிங்கு கண்ணாடில ‘டொங்’குனு முட்டுமாணா?

அந்தோணி: முட்டிச்சி. உட்டு தொலை.

கலைமதி: பதினோரு செகண்டுணா! ஷாப்பு கூட்டற கிளியம்மாக்கா வீலுக்கு எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கிட்டு நிமிர்றதுக்குள்ள மேட்சே முடிஞ்சி போச்சி.

அந்தோணி: வைப்ரேஷன் ஆச்சி. மெஷின்னா அப்டி தான்.

கலைமதி: ஆறு மாசமா ஆவாத வைப்ரேஷன், இன்னிக்கி தான் ஆச்சா?

அந்தோணி: கம்முனு ரோபோட்டு டப்பாவ அந்தாண்ட புடி. ஷேர் ஆட்டோ வருது.

கலைமதி: அது தண்ணி லாரி. கண்ணும் போச்சா உனுக்கு?

அந்தோணி: தூசில ஒண்ணும் தெரில.

கலைமதி: தோ, நம்ம கம்பெனி பஸ்ஸு! கை காட்டுணா, நிப்பாட்டுவான்.

அந்தோணி: மஞ்ச டேக்குக்கா? ஒம்போது வருஷமா காட்டிகினு தான் கீறேன்.

கலைமதி: நான் ஆறு வருஷம். நீல டேக்குக்கு ஏசி பஸ்ஸு. காண்ட்ராக்ட் ஆளுக்கு தண்டலத்துலேந்து ஒரகடம் வரைக்கும் லாரி பொக.

அந்தோணி: புலம்பாத.

கலைமதி: புலம்பாம? ஞாயித்துக்கெழம ஓவர்டைம் எல்லாம் உட்டுட்டு, பழைய குட்டி யானை வண்டியோட கமான் பட்டய ராவி ராவி பிளேடு பண்ணோம். வைப்பர் மோட்டாருக்கு படப்பைல எத்தினி காயலாங்கட ஏறி எறங்கனோம்! இதுக்கு போய் ‘சூப்பர்வைசர்’னு பேர வேற வெச்சி…

அந்தோணி: பேரு வெச்சது நீ தான். நின்ன எடத்துலயே சுத்தும், சத்தம் போடும், வேல மட்டும் செய்யாதுன்ன.

கலைமதி: காலைல செஞ்சிதேணா! ரெண்டு காலேஜு ரோபோட்ட கிழிச்சி தொங்க உட்டுச்சி. பி ஷிஃப்ட்டு பசங்க விசில் அடிச்சி தொண்டையே கட்டிக்கிச்சி. ‘ப்ரெஸ் ஷாப்பு! ப்ரெஸ் ஷாப்பு!’ன்னு நம்ம டிபார்ட்மெண்டு பேர கத்தனானுங்களே… எனுக்கு கண்ணுல தண்ணியே வந்துச்சி.

அந்தோணி: எனுக்கும் தான்.

கலைமதி: அப்பறம் செமி ஃபைனலு. யாரு கூட? நம்ம எச்.ஆரு தணிகாசலம் சாரோட புள்ள கூட.

அந்தோணி: அந்த பையன் நல்லா தான் ஆடனான்.

கலைமதி: எங்க ஆடனான்? பொரி டப்பாவ கவுத்து வெச்ச மாறி ஒண்ண கொண்டாந்து நிறுத்தனான். நம்ப பிளேடு பறந்துச்சி, அவன் கைய தூக்கனான். சீஃப் கெஸ்ட்டும் அவங்கப்பன், கை தட்டனதும் அவங்கப்பன்.

அந்தோணி: பெரிய மனுஷன அப்டி பேசாத.

கலைமதி: ஐய… இன்னாணா திடீர்னு மரியாத? போன வாரம் வரைக்கும் அவர ‘மொட்ட’ன்னு தான சொல்லிகினு இருந்த?

அந்தோணி: …வெயிலு தாங்கல. டீ சொல்லட்டா?

கலைமதி: ஜகா வாங்காத. ஸ்பானர எடு, மீதி பிளேடயும் கழட்டி வெச்சிக்கலாம். ஆட்டோல எடமாவது மிச்சம்.

அந்தோணி: அத… அந்த டூல் பாக்ஸ நோண்டாத! குடு இங்க!

கலைமதி: இன்னா இது, கவரு? அட, உன் போட்டோ! எட்டு காப்பி! வெள்ள பேக்ரவுண்டு, காலர் வெச்ச சட்ட, தல வேற வாரி… யாருக்குணா மாப்ள பாக்கறாங்க?

அந்தோணி: ரேஷன் கார்டுக்கு. வெச்சிடு.

கலைமதி: ரேஷன் கார்டுக்கு எட்டு காப்பியா? ஒவ்வொரு அரிசி மூட்டைக்கும் ஒண்ணு ஒட்டுவாங்களா?

அந்தோணி: கலாய்க்காத கலை. தல நோவுது.

கலைமதி: சரி… ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாப்பாட்டு நேரத்துல பிளேட கழட்டி நிமித்தனது யாரு?

அந்தோணி: நான் தான்.

கலைமதி: திருப்பி மாட்டனது?

அந்தோணி: நான் தான். என்கொயரி வெக்கறியா?

கலைமதி: தோ, பிளேடு போல்ட்டு. கண்ணாடி ஓரமா கெடந்துச்சி, பொறுக்கிகினு வந்தேன். தலைய பாரு.

அந்தோணி: போல்ட்டு தான?

கலைமதி: போல்ட்டு தான். மஞ்ச கோடு எங்க?

அந்தோணி: …அழிஞ்சிருக்கும்.

கலைமதி: பெயிண்ட் மார்க்கர் கோடு பதினோரு செகண்டுல அழியுமா? லைன்ல நேத்து சேந்தவனுக்கு கூட தெரியும். கழட்டனா பழைய கோட்ட தின்னர் போட்டு தொடைக்கணும், டைட் பண்ணா புது கோடு போடணும். நீ தொடச்சிருக்க, பளபளன்னு கீது. போடல.

அந்தோணி: மறந்துட்டேன்.

கலைமதி: நீயா? உன் பொண்ணோட சைக்கிளுக்கே கோடு போட்டவன் நீ! மறக்கலணா. கையால திருவி உட்டுட்ட, டைட் பண்ணல. டைட் பண்ணாத போல்ட்டுக்கு கோடு போட உனுக்கு கை வரல. துரோகம் பண்ணாலும் தொழில் சுத்தம்!

அந்தோணி: கத்தாத. பஸ் ஸ்டாண்டு.

கலைமதி: வயிறு எரியுதுணா. சொல்லு. ஏன்?

அந்தோணி: …நேத்து தணிகாசலம் சாரு கூப்ட்டாரு. கேண்டீனு பின்னால.

கலைமதி: ம்.

அந்தோணி: ‘பையன் ஃபைனல் போவணும் அந்தோணி. வேல தேடற நேரம், சர்டிபிகேட்டுல ஏறணும்’னாரு. பர்மனென்ட்டுக்கு ஒரு எடம் காலி, ஒண்ணே ஒண்ணு தான், உன் பேர எழுதறேன்னாரு. நீல டேக்குக்கு போட்டோ எடுத்துக்கினு வரச் சொன்னாரு…

கலைமதி: வெள்ள பேக்ரவுண்டு, காலர் சட்ட.

அந்தோணி: ஆமா. ஒம்போது வருஷம் கலை… வூட்டாண்ட அந்த பஸ்ஸு நின்னு நான் ஏறணும், எம்பொண்ணு பாக்கணும். அவ்ளோ தான். காரித்துப்பு, தொடச்சிக்கறேன்.

கலைமதி: அதுக்கு ப்ரெஸ் ஷாப்ப வித்துட்ட.

அந்தோணி: வித்துட்டேன்.

கலைமதி: குடு அந்த போல்ட்ட, டப்பாலயே போட்டு வெக்கறேன்.

அந்தோணி: இரு… ஒரு நிமிஷம். அந்த டப்பாவ இப்டி திருப்பு.

கலைமதி: எதுக்கு?

அந்தோணி: திருப்பேன். மஞ்ச கோடு என் வேல. அத செக் பண்ணிட்டு பச்ச டிக்கு போடறது உன் வேல. சரியா?

கலைமதி: தெரிஞ்சத எதுக்கு சொல்ற?

அந்தோணி: சாப்பாட்டுக்கு அப்பறம் நான் வீலு போல்ட்டும் ரெண்டு மாத்தனேன். ரெண்டுலயும் பச்ச டிக்கு கீது. பிளேடு அதுலேந்து நாலு விரக்கட தள்ளி.

கலைமதி: ஆட்டோ வருதுணா.

அந்தோணி: அது குப்ப வண்டி. பளபளன்னு ஒரு போல்ட்டு, கோடு இல்லாம, உன் மூக்குக்கு நேரா. நீ பாக்கலியா?

கலைமதி: வெயிலு தாங்கலணா. டீ சொல்லட்டா?

அந்தோணி: பாத்த. அதான் டிக்கு போடல. ஸ்பானரு உன் கையில தான இருந்துச்சி… ஒரு திருவு திருவியிருந்தா முடிஞ்சிது. ஏன் கலை?

கலைமதி: என் பைய தொற. சைடு ஜிப்பு.

அந்தோணி: இன்னா கீது இதுல?

கலைமதி: எட்டு காப்பி, வெள்ள பேக்ரவுண்டு. நீ கேட்டா வோட்டர் ஐடிக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன்.