ராசுவுக்கு நான் ஊமத்தை கொடுக்கவில்லை

என் பெயர் அர்த்தனாரி, வயது பதினாறு, தகப்பனார் வேல்முருகன், கொல்லிமலை அரியூர் நாடு ஊராட்சியில் குடியிருக்கிறேன், பதினோராம் வகுப்பு படிக்கிறேன். பேரில் மட்டும்தான் அர்த்தம் உள்ளவன் என்று வாத்தியார் சொல்வார், அதையும் எழுதிக்கொள்ளலாம். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே இதைச் சொல்கிறேன்.

என் கூட்டாளி ராசுவுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்தது. நெல்வயலை ஒட்டிப் பன்றி அடைக்கும் பட்டி அருகே சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்து பேசுவது வழக்கம், அங்கே கொசு அதிகம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது ராசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், கூப்பிட்டும் பேசவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்தது. வாத்தியார் திட்டும்போது நாங்கள் செய்து காட்டும் நடிப்பு என்று நினைத்தேன். அவன் அம்மா சென்னம்மாள் அத்தை, "ஏன் கண்ணு, இவன் வாயே தொறக்க மாட்டேங்கறான்?" என்று கேட்டார். "நாந்தானுங்க அத்தை ஊமத்தங்காய் அரைச்சுக் குடுத்தேன், ஊமத்தை தின்னா ஊமைதானுங்களே" என்றேன். ராசு சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அதன் பிறகு கைகால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தான், தூக்கியபோது கழுத்து மண்வெட்டிக் காம்பு மாதிரி வளையாமல் இருந்தது.

அதன் பிறகு ஜீப்பில் மலை இறக்கினோம், ஒவ்வொரு வளைவிலும் அவன் தலையை நான்தான் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இது விஷம் மாதிரி தெரியவில்லை, கொசு கடித்து ஏறிய வைரஸால் மூளை வீங்கியிருக்கலாம், முதுகுத்தண்டையும் தாக்கினால் கால் விளங்காமல் போகும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "குடுத்தவனே ஒத்துக்கிட்டான், முதுகுல எதுக்குங்க ஊசி? வெசம் எறக்கறவருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி, என் மேல் புகாரும் கொடுத்தார். அத்தை காலில் விழுந்து, நான் கொடுக்கவே இல்லை என்றேன். "இதும் உன் வெளையாட்டாடா?" என்றார்.

ஊமத்தையை நான் பறிக்கவும் இல்லை, அரைக்கவும் இல்லை. என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே ஸ்டேஷனில் உட்கார வையுங்கள். அத்தை வண்டி பேசிவிட்டார். மூக்கில் குழாயோடு கிடப்பவனைப் பிடுங்கி மலைக்குக் கொண்டுபோனால் அவன் விளக்கு மாதிரி மலையேறிவிடுவான். இது வார்த்தை விளையாட்டு இல்லை ஐயா, எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

மேலே சொன்ன அத்தனையும் உண்மை, ஒன்றுகூட வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. படித்துக் காட்டினீர்கள், சரியாக இருக்கிறது. எனக்குக் காட்டியது போதும், வண்டி கிளம்புவதற்குள் அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.

(ஒப்பம்) வே. அர்த்தனாரி