பளபளன்னு ஒரு ஹால் டிக்கெட்

பின்வரிசையில நாற்காலி நகர்ற சத்தம் எனக்கும் கேக்குது. அதனால அறிவுரையை இங்கேயே நிறுத்திட்டு, நம்ம வியாபாரிகள் சங்கத்து வீடுகள்ல படிக்கிற மருமகளுங்க, படிக்கிற மாப்பிள்ளைங்க, அவங்களைத் தாங்கிப் பிடிக்கிற குடும்பங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சின்னக் கதை சொல்லுதேன். கதைன்னா கதை இல்ல. என் கடையில நடந்தது. தப்புல பாதி என்னுது.

என் கடை உங்களுக்குத் தெரியும். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், லேமினேஷன். அங்க வேலை பார்க்கிற பையன் பேரு சுடலைமுத்து. பையன்னு சொல்லுதேன், இது நடந்தப்பவே அவனுக்கு ரெண்டு வயசுல மக இருந்தா. பொண்டாட்டி இசக்கியம்மாள் சட்டக் கல்லூரியில மூணாவது வருஷம். எப்படிப் படிச்சா தெரியுமா? தொட்டில் கயிறைக் கால் கட்டைவிரல்ல கட்டி ஆட்டிக்கிட்டே, கையில புத்தகம். இவன் வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேள்வி கேப்பான். நாப்பது தடவை கேட்டுக் கேட்டு, கடையில எவனாவது வரிசையைத் தாண்டி வந்தா, "இது எந்தப் பிரிவுல வரும் தெரியுமா?"ன்னு இவன் மிரட்டுவான்!

சரி. கடைசிப் பருவப் பரீட்சை. முதல் பரீட்சை அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு வாரான். கையில ஹால் டிக்கெட். ஓரத்துல கேப்பைக் கூழு.

"அண்ணாச்சி, ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னா. அதுக்குள்ள மக கையை வச்சுட்டா. போன தடவை நோட்டுல பாதி கூழுதான். இதையும் தின்னுருவா போலிருக்கு... லேமினேஷன் போட்டுருவோமா?"

நான் என்ன சொன்னேன்? யோசிச்சேனா? இல்லவே இல்ல. "போடுல! நல்ல கனமான தாளாப் போடு!"ன்னேன். மெஷின்ல நானே விட்டேன். வெளிய வந்துது பாருங்க... கண்ணாடி மாதிரி. ரெண்டு பேரும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம். பெரிய உதவி பண்ணிட்டோமாம்!

ஒன்பது மணிக்கு இடுப்புல குழந்தையோட இசக்கியம்மாள் வந்தா. வாங்கிப் பார்த்தா. முகம் அப்படியே வெளுத்துப் போச்சு.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நனையாதுல்லா!" அப்படிங்கான் இவன், பெருமையா.

"இங்க பாருங்க... ஆறு கட்டம். ஆறு பரீட்சை. ஒவ்வொண்ணுக்கும் ஹால்ல வந்து கையெழுத்துப் போடுவாங்க. இது மேல எங்க போடுவாங்க? உங்க நெத்தியிலயா?"

குழந்தை மட்டும் பளபளப்பைப் பார்த்துக் கை தட்டுது.

சுடலை பிளேடை எடுத்தான். "கீழ போடுல!"ன்னு கத்தினேன். இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதான் பார்க்கேன்... பிரிச்சா தாளும் சேர்ந்து வரும். முதல்வர் கையெழுத்து, சீல், போட்டோ எல்லாம் போயிரும்.

அவ படியில உட்கார்ந்துட்டா. "நான் போகல அண்ணாச்சி. ஆறு மாசம் கழிச்சு எழுதிக்கிடுதேன்."

ஆறு மாசம்! அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாசம்னா என்ன? இன்னும் ஆறு மாசம் கட்டைவிரல்ல கயிறு. அவன் நிமிரவே இல்ல.

"ஏம்மா, காலேஜ்ல யாருகிட்டயாவது கேட்டியா?"

"கேட்டா திட்டுவாங்க அண்ணாச்சி."

"திட்டட்டும். திட்டுனா உடம்புல ஒட்டவா செய்யும்? நான் சைக்கிள்ல நோட்டுக் கட்டி வித்த காலத்துல, 'வெளிய போ'ன்னு சொல்லாத கடை எது? அப்படிச் சொன்ன கடையிலதான் மறுவாரம் சரக்கு போட்டேன். எந்திரி!"

வியாபார நேரத்துல ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். ஆட்டோவுல நாலு பேரும் போனோம். தேர்வுக் கண்காணிப்பாளர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு டிக்கெட்டைப் பார்த்தாங்க. அப்புறம் எங்களைப் பார்த்தாங்க.

"யாரு பண்ணின வேலை இது?"

நாங்க ரெண்டு ஆம்பளையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரிக் கையைத் தூக்கினோம்.

"நீங்க யாரு?"

"மெஷின்ல விட்டவன் மேடம்."

அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாங்க. ஆறு கட்டம் போட்டாங்க. பேரு, பதிவு எண் எழுதினாங்க. டிக்கெட்டுக்குப் பின்னால வச்சு ஸ்டேப்ளர் அடிச்சு... டக்குனு ஒரு சீல்! "இந்த வருஷம் இது மூணாவது. இனிமேயாவது பரீட்சை முடிஞ்ச பிறகு போடுங்க. நீ ஹாலுக்குப் போம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அவ்வளவுதான்! அந்தப் படியில உட்கார்ந்தே இருந்திருந்தா?

அவ உள்ள போனா. சுடலை வேப்பமரத்தடியில குழந்தையை மடியில போட்டுக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்க... எனக்கும் அப்பத்தான் மூச்சு வந்துது. மூணு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா. இவன் பயந்துகிட்டே கேக்கான்: "எப்படி?" அவ சொல்லுதா: "நீங்க வெங்காயம் நறுக்கும்போது கேட்டதுல நாலு வந்திருக்கு. ஆனா இனிமே என் சாமான் எதையும் என்னைக் கேக்காமத் தொட்டீங்க..." சொல்லி முடிக்கல, சிரிச்சுட்டா.

இப்ப உங்களுக்குச் சொல்லுதேன். படிக்கிறவங்களைக் கட்டினவங்களே, மாமனார் மாமியாரே! உங்க பாசத்துல குறை இல்ல. ஆனா கடைக்கு வந்தவர்கிட்ட என்ன வேணும்னு கேக்காம நாம மூட்டை கட்டுவோமா? வீட்டுல மட்டும் ஏன் கட்டுதோம்? கேளுங்க. படிக்கிற பிள்ளைகளே, நீங்களும் கேளுங்க. முடியாதுங்கிற வார்த்தையை உங்க வாயால நீங்களே சொல்லிக்காதீங்க. அதைச் சொல்ல வேண்டியவங்க மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. பாதி நேரம் அவங்க சொல்லவே மாட்டாங்க!

இசக்கியம்மாள் இப்ப கறுப்புக் கோட்டுப் போட்டு கோர்ட்டுக்குப் போறா. என் கடை லேமினேஷன் மெஷினுக்கு மேல அவ கையாலேயே எழுதிக் கொடுத்த ஒரு அட்டை தொங்குது. வர்றவங்க எல்லாரும் படிச்சுட்டுச் சிரிக்காங்க. நான் சிரிக்கிறதில்ல... ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு அதைக் கேட்டுட்டுத்தான் சுவிட்சைப் போடுதேன்:

"பரீட்சை முடிஞ்சாச்சா?"