மயங்கியவர் ஏணி ஏறுவதில்லை

— எந்திரிண்ணா, டைம் ஓடினு கீது. ஏணில ஏறு.

— நான் மயங்கிக் கெடக்கேன்லே விமலு. மயங்குனவன் எங்கனயாவது ஏணி ஏறுவானா?

— டபாய்க்காத இசக்கியண்ணா. மூணு வருஷமா கம்பெனில ரெஸ்க்யூ ட்ரில்லுன்னா இந்த டேங்க்ல நீதான் மயங்குற, நீயேதான் ஏறி வர்ற. மேல வந்து ஸ்ட்ரெச்சர்ல படுப்ப, நாங்க தூக்குற மாரி நிப்போம், போட்டோ எடுப்பாங்கோ. இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா?

— இன்னைக்குக் கொஞ்சம் ஆழமா மயங்கிட்டேன்.

— வெளாடாதண்ணா. பத்து நிமிஷத்துல உன்ன மேல ஏத்துனா நான் ரெஸ்க்யூ டீம். கான்ட்ராக்ட் போயி பர்மனென்ட். பர்மனென்ட் ஆனாதான் பொண்ணுன்னு பென்னலூர்ல யுவஸ்ரீ வூட்ல சொல்லிட்டாங்கோ. உன் மயக்கத்துலதான் என் கல்யாணமே தொங்கினு கீது.

— கட்டாயம் கல்யாணத்துக்கு வாரேன். இப்பம் தூக்கு.

— விமல்ராஜ்! வாக்கிடாக்கில ரெண்டு குரல் கேக்குது. மயங்கினவர் பேசக் கூடாதுப்பா. ஓவர்.

— விஜயராகவன் சார், இசக்கியண்ணா ஏற மாட்டன்றாரு. ஓவர்.

— இதுக்கா கலங்கற? நான் ஃபயர் ஸ்டேஷன் ஆபீசரா இருந்தப்போ செம்பரம்பாக்கம் ஏரியில ஒரே கயித்துல ஒரு எருமை, அதோட கன்னுக்குட்டி, கறந்துகிட்டிருந்த ஆளு, மூணையும் சேத்துத் தூக்கினவன். பால் ஒரு சொட்டு சிந்தல. ஓவர்.

— போன ட்ரில்லுல எருமை மட்டுந்தானலே இருந்துச்சு. கன்னுக்குட்டி எப்பம் பொறந்துச்சு?

— நீ கம்முனு கெட. மயக்கம்னா ஒழுங்கா மயங்கு. சரி, பெல்ட்ட மாட்டறேன். கைய தூக்கு.

— மயங்குனவனுக்கு ஏதுலே கை? அரிசி மூட்டை கைய தூக்குமா?

— ஐயோ, இன்னா கனம்! வேணும்னே கனமா கீற நீ.

— உள்ளது இதாம்லே. இத்தன நாளு நீங்க யாரும் தூக்கிப் பாக்கல. அது கிடக்கட்டும், மொகமூடிய கழுத்துல தொங்கவிட்டுட்டு நின்னு பேசுதியே. வெசக்காத்துன்னா இந்நேரம் நீயும் காலி. ரெண்டு மூட்டைல எத எது தூக்கும்?

— மீட்டர் வச்சி காத்து பாத்துட்டாங்கோ. நல்ல காத்துதான். காலுக்கு எந்த வாரு?

— செவப்பு. மயக்கத்துல உளறுனேன்னு வச்சுக்கோ.

— சார், பெல்ட் மாட்டியாச்சு. கொக்கிய எறக்குங்க. ஓவர்.

— அப்பவே எறக்கியாச்சே. ஓவர்.

— எங்க சார்? தோ, என் தலைக்கு மேல அஞ்சடில ஆடினு கீது. பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்கல. இன்னும் எறக்குங்க. ஓவர்.

— கம்பி அவ்வளவுதாம்பா. ஓவர்.

— அவ்ளோதானா? மூணு வருஷமா ஆளத் தூக்க இதே மிஷின்தானே சார்?

— மூணு வருஷமா அவரே ஏறி வந்துடுவாரே! கம்பி பத்தலன்னு தெரியணும்னா கம்பி தேவைப்பட்டிருக்கணுமில்ல? ஓவர்.

— அண்ணா, சிரிக்காத. வயிறு குலுங்குது, வாரு கழல்து.

— விமல்ராஜ், கவனி. பதினாலு நிமிஷம் ஆச்சு. நாப்பத்தோரு ட்ரில், நாப்பத்தோரு பாஸ், அதான் என் ரெக்கார்டு. நான் கடிகாரத்தை மறுபடி முதல்லேர்ந்து ஓட விடறேன். அவரை ஏறச் சொல்லு. ஓவர்.

— கேட்டியாண்ணா? சாரே புது டைம் குடுக்கறாரு. ஏறிடு. கேன்டீன்ல என் பங்கு சிக்கன் ஒரு வருஷத்துக்கு உனக்கு. ஓ.டி. வந்தா உன் லைன்லயும் நானே நிக்கிறேன். அண்ணா? இன்னாண்ணா, பேச மாட்டேன்ற? இவ்ளோ நேரம் வாய் கிழிஞ்சது. அண்ணா! கண்ண தொற. யோவ் இசக்கி!

— விமல்ராஜ், என்ன அமைதி? ஓவர்.

— சார், பேச்சு இல்ல சார்! தட்டுனா அசையல! ட்ரில் இல்ல சார், நெசம்! ரெஸ்க்யூ வண்டில பெரிய கயிறு கீதுல்ல, அத்தப் போடுங்க!

— நெஜமாவா? மாஸ்க்கப் போடு! மொதல்ல மாஸ்க்கப் போடுடா!

— ... போட்டுட்டேன்! கயிறு எங்க சார்? ஓவர்!

— வண்டிச் சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு! ஓடியிருக்காங்க!

— சாவிய ஏன் சார் அங்க வச்சீங்க!

— நாப்பத்தோரு தடவை தேவைப்படலையேப்பா! தோ, வந்துடுச்சு. விடறேன், பிடி!

— கட்டிட்டேன்! இழுங்க! எல்லாரும் இழுங்க சார்! தலை இடிக்கப்போவுது, மெதுவா... ஆங், போய்ட்டாரு! நானும் ஏறி வரேன்! மூச்சு வருதா சார்? யாராச்சும் பாருங்க! மூச்சு வருதா?

— வருதுலே, வருது. கத்தாத. எத்தன நிமிசம்?

— அடப்பாவி! கண்ண முழிச்சிக்கினு கீற! என் உசிரே போய்டுச்சு!

— நெசம்னு நெனச்ச பொறவு எத்தன நிமிசம்? சார், நீங்க சொல்லுங்க.

— அப்புறம் ஒன்பது. மொத்தமா இருபத்தஞ்சு. ஆனா கவலைய விடு விமல்ராஜ், நான் எட்டுன்னு எழுதிட்டேன். எருமைய விட உருக்கமான காட்சி. கீழ மட்டும் "மயங்கியவர் கையெழுத்து"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல அவர் போட்டுட்டா நீ பாஸ்.

— இந்தாண்ணா, பேனா. நீ பண்ணுன வேலைக்கு உன்ன மறுபடி உள்ள தள்ளணும். ஆனா மன்னிச்சுட்டேன். போடு.

— போட மாட்டேன்.

— இன்னாண்ணா பகை உனக்கு என் மேல? ஒரு கோடு கிழிச்சா நான் பர்மனென்ட். நாப்பத்தோரு தாள்ல போட்டல்ல? என்னுதுல போட்டா இன்னா கொறஞ்சுடுவ?

— மூச்சு நின்னா மூளைக்கு நாலு நிமிசந்தான்னு கிளாஸ்ல சொன்னது யாரு? சார்தான. நாப்பத்தோரு தடவ கேட்டுருக்கேன்.

— அது நெசத்துக்கு. இது ட்ரில்லு.

— இந்த டேங்குக்குள்ள எறங்கிக் கழுவுத சக்திகுமாரு வேலைய விட்டுட்டுப் போயிட்டான், தெரியுமா?

— தெரியும். அதுக்கும் கையெழுத்துக்கும் இன்னா சம்பந்தம்?

— திங்கக்கெழமையிலருந்து அவன் எடத்துல எம்பேரப் போட்டுருக்காவ. அந்தக் கயித்த எடுத்து வை, விமலு. நான் எறங்கி இன்னொரு தடவ மயங்குதேன்.