நீங்க பாட்டுக்கு எழுதுங்க

இல்ல சார், உங்க பேனா வேணாம். நான் குடுத்ததாலயே எழுதுங்க. தெரியும், கொஞ்சம் கக்கும். அந்த செக்கை எழுதினதும் இதே ஜாதி பேனாதான், அதனால அதேதான் குடுக்கணும். எழுதிட்டீங்கன்னா தாளைக் குடுங்க. இல்லல்ல, அது உங்ககிட்ட இருக்கக்கூடாது. ஒண்ணு முடிஞ்சதும் வாங்கி கவுத்து வெச்சிருவேன். அதைப் பாத்துப் பாத்து அடுத்ததை எழுதினீங்கன்னா அது எழுத்து இல்ல, காப்பி.

இந்தாங்க, அடுத்தது. செக்கு அளவுக்கே வெட்டி வெச்சிருக்கேன், பாருங்க. ரூபாய் நாற்பத்தெட்டாயிரம் மட்டும். எழுத்தால எழுதுங்க, கீழ கையெழுத்து.

ஐயோ, எதுக்கு சார் இவ்ளோ மெதுவா? பரீட்சையா நடக்குது, நான் என்ன மார்க்கா போடப் போறேன்? பேங்க்ல குடுத்து வெச்சிருக்கற கையெழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. ஓ, இப்பல்லாம் மாறிடுச்சா. மாறும் சார், மாறும். மனுஷனே மாறும்போது கையெழுத்து மாறாதா. நீங்க பாட்டுக்கு எழுதுங்க.

நானா? வேலைக்குச் சேந்ததுல இருந்து இதேதான். அடுத்தவங்க கையெழுத்து நிஜமா பொய்யான்னு பாத்து கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கறது. இதனால வீட்ல ஒருத்தரும் என் கண் முன்னால பேனாவைத் தொடறதில்ல. எங்க வீட்டுக்காரர் பால் வாங்கிட்டு வான்னு சொல்றதுக்குக்கூட போன்ல டைப் அடிச்சுதான் அனுப்புவார். அவர் பயம் அவருக்கு. கல்யாணம் பேசி முடிச்சப்புறம் எனக்கு ஒரு லெட்டர் போட்டார், ரொம்ப உருக்கமா. லென்ஸ்ல வெச்சுப் பாத்தேன். பாதிதான் அவர் எழுத்து. உருக்கமா இருந்த பாதி அவங்க அண்ணி எழுதினது. சிரிங்க சார், தாராளமா சிரிங்க. எழுதிக்கிட்டே சிரிங்க. அதே தொகைதான்.

யாரு, உங்க கடையில கணக்கு பாக்கற அம்மாவா? நேத்து வந்தாங்களே. கூட ஒரு போலீஸம்மா. இதே நாற்காலிலதான் உக்காந்தாங்க. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை, ரெண்டு தாள் நனைஞ்சே போச்சு, வேற குடுத்தேன். அது செல்ஃப் செக்குதானே, பணத்தை எடுத்தது நான்தான்னு அவங்க மறுக்கவே இல்ல. முதலாளி எழுதிக் குடுத்தார், எடுத்துக் கொண்டுபோய் அவர் கையிலயே குடுத்தேங்கறாங்க. நீங்க, நான் எழுதவும் இல்ல வாங்கவும் இல்லைங்கறீங்க. நீங்க சொல்றது நிஜம்னா அந்தம்மா உள்ள போவாங்க. வேலை ஏற்கெனவே போயாச்சுல்ல.

ஆமாமா, இத்தனை வருஷமா உங்க கையெழுத்தைப் பாத்துப் பழகினவங்க, போட்டிருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. இந்தாங்க, இதை மட்டும் நின்னுக்கிட்டு எழுதுங்க, கடையில கல்லாப்பக்கம் நின்னு அவசரத்துக்கு எழுதற மாதிரி. அப்படிப் பழகினவங்க கேசெல்லாம் நிறைய வரும் சார். போன மாசம் ஒரு மருமகன். மாமனார் கையெழுத்தை அப்படியே போட்டு பணத்தை எடுத்துட்டார். மாமனாருக்கே சந்தேகம் வந்துருச்சு, நான்தான் போட்டேனோன்னு. மருமகன் போட்டது அவர் போடறதைவிட அவ்ளோ அழகு. அங்கதான் மாட்டினார். மாமனாருக்கு கை நடுக்கம் சார். நடுங்கற மனுஷனோட கையெழுத்தை நடுங்காம போட்டு வெச்சிருக்கார், அந்த அறிவாளி! சரி சரி, உக்காந்தே எழுதுங்க, அடுத்தது.

வெளியில பெஞ்சுல இருக்கறது உங்க வீட்டம்மாதானே? உள்ள வரேன்னாங்க, நான்தான் விடல. கெட்டிக்காரங்க. பேங்க் கணக்கைப் பாத்து, இது என்ன செலவுன்னு அவங்கதான் கேட்டாங்களாமே. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களாம். அந்த செக்கு எனக்குத் தெரியாதே, என் கையெழுத்தா இருக்காதேன்னு சொல்லியிருக்கீங்க. அவங்க சும்மா விடுவாங்களா, மறுநாளே உங்களை பேங்குக்கு இழுத்துட்டுப் போய், மேனேஜர் முன்னால உக்கார வெச்சு, அங்க இருந்து போலீசு, போலீசுல இருந்து என்கிட்ட. சோத்துத் தட்டு முன்னால சொன்ன ஒரு வார்த்தை எங்க வந்து நிக்குது பாருங்க.

என்ன சார், எழுதறதை நிறுத்திட்டீங்க? முடிச்சிட்டீங்களா. குடுங்க. போதும், பேனாவை வெச்சிருங்க. கை வலிச்சிருக்குமே.

இப்படித் தள்ளி வாங்க, ஒண்ணு காட்டறேன். இது நீங்க முதல்ல எழுதினது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா பாத்து வரைஞ்சு வெச்ச மாதிரி, கையெழுத்து எதிர்ப்பக்கமா சாஞ்சுக்கிட்டு. செக்குல இருக்கறதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இது கடைசியா எழுதினது. இது வேற ஆளு சார். ஒருத்தர் பொய்யா எழுதணும்னா அதுலயே கவனமா இருக்கணும். கதை கேட்டுக்கிட்டே பொய்யா எழுதறவங்களை நான் இதுவரைக்கும் பாக்கல. மருமகன் மாட்டினப்பவே உங்க கை உங்க கையா ஆயிருச்சு.

ஒரே ஒரு இடம் பாருங்க, போதும். மட்டும்ங்கற வார்த்தை. அதுல ரெண்டு புள்ளி, ட் மேல ஒண்ணு, ம் மேல ஒண்ணு. உங்க கணக்கம்மா அந்தந்த எழுத்துக்கு அப்பப்ப புள்ளி வெச்சிட்டுதான் அடுத்த எழுத்துக்கே போறாங்க. நீங்க வார்த்தையை முழுசா எழுதிட்டு, முதல்ல கடைசி ம் மேல வைக்கறீங்க. அப்புறம் பேனாவை சரியா தூக்காமயே பின்னால வந்து ட் மேல. நடுவுல டு மேல இழை மாதிரி ஒரு கோடு ஓடுது. செக்குல அதைப் பாத்தப்ப முடிதான் விழுந்து கிடக்குதுன்னு ஊதிவிட்டேன், நகரவே இல்ல. அந்தக் கோடு நீங்க மெதுவா எழுதினதுல இல்ல, வேகமா எழுதின எல்லாத்துலயும் இருக்கு. உங்க எழுத்தைப் பாத்துப் போடறவங்க எழுத்தைத்தான் போடுவாங்க. புள்ளி எந்தப் பக்கத்துல இருந்து நடந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே.

பதறாதீங்க. தண்ணி குடிங்க. பணம் எங்க போச்சுங்கறது என் வேலை இல்ல. உங்க தங்கச்சி வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுன்னு கணக்கம்மா சொன்னாங்க, வீட்ல தெரிய வேணாம்னு நீங்க கேட்டுக்கிட்டதா. போலீஸ்ல மூச்சு விடல அவங்க. இங்க எழுதிக்கிட்டு இருக்கும்போது வாய் தவறி வந்துருச்சு. தங்கச்சிக்குக் குடுத்தது தப்பா சார்? நல்ல காரியம். பொண்டாட்டிகிட்ட சொல்ல பயம், அதுவும் ஊர் உலகத்துல இல்லாததா. அதுக்காக, உங்க ரகசியத்தைக் காப்பாத்தின பொம்பளையவே உள்ள தள்ளப் பாத்தீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. முகத்தைக்கூட பாக்காம நேத்தே உங்க மேல அவ்ளோ கோவம். கோவமா இருந்தா கண்ணு தப்பா பாக்கும், எதிர்ல இருக்கறவர் கையும் இறுகிடும். அதனாலதான் இன்னிக்கு இவ்ளோ பேச்சு, இவ்ளோ சிரிப்பு. நான் வீட்ல வாயைத் திறக்காத ஆளு சார்.

ரிப்போர்ட் திங்கக்கிழமை போகும், அதை நிறுத்த முடியாது. அதுக்குள்ள நீங்களா ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னா அந்தம்மாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தூக்கம் வரும். வெளியில பெஞ்சுல சொல்றதா வேணாமாங்கறது உங்க பாடு.

இருங்க, இன்னும் ஒரே தாள். இந்தத் தாளெல்லாம் யாரும் வற்புறுத்தாம நானே கைப்பட எழுதினேன்னு அச்சடிச்சிருக்கு, படிச்சுப் பாத்துட்டு கீழ ஒரு கையெழுத்து. இது சோதனைக்கு இல்ல, ரெக்கார்டுக்கு.

என்ன சார் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு யோசனை? உங்களோடதையே போடுங்க.