மேற்குக் காற்று அடித்த வருஷம்

மழைக்காலம் முடிந்துவிட்டதால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாவின் புத்தகங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கிக் காற்றாட வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒன்றிலும் பூச்சி இல்லை. கரையோர வழிகாட்டி நூல்கள் இரண்டுக்கு மட்டும் முதுகுப்புறத் தோல் வெடித்திருந்தது. உள்பக்கமாக மெல்லிய துணி ஒட்டியிருக்கிறேன். அவற்றை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை என்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கு முன் நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. குழந்தை, வீடு, வேலை என்று உங்களுக்கும் ஆயிரம் இருக்கும். இந்த நான்காவது கடிதத்தை மட்டும் கடைசி வரி வரை வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக நகல் எழுதுகிறேன். மூலப் பத்திரத்தைப் பார்த்து எழுதுவது, இருவர் சேர்ந்து ஒப்பிடுவது, அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்திடுவது, இவ்வளவுதான் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலைப் பற்றிய பழைய புத்தகங்கள் சேர்ப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கடலுக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். படகு கரையை விட்டுப் பத்து நிமிஷத்தில் வாந்தி எடுத்தேன், மற்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய புத்தகக் கடைக்காரர்தான் உங்கள் அப்பாவைச் சொன்னார். “நீங்க தேடுற சரக்கெல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கு. விக்கமாட்டாரு. நல்லாத் திட்டுவாரு. தாங்குவீங்கன்னா போய்ப் பாருங்க.”

தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்த அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, “கேப்டன் இருக்காருங்களா?” என்று கேட்டேன்.

“கேப்டனுமில்ல, கத்தரிக்காயுமில்ல. ரெண்டாவது அதிகாரியாவே கப்பல விட்டு இறங்கினவன் நான். இந்தத் தெருக்காரனுங்க சும்மா பட்டம் கட்டிட்டானுங்க. நீ யாரு?”

“பதிவு ஆபீஸ் குமாஸ்தாங்க.”

“வீட்ட எழுதி வாங்க வந்தியா?”

“இல்லீங்க. லாக் புத்தகம் பார்க்கணும்.”

கதவை முழுதாகத் திறந்தார். பிறகு உள்ளே விட்டார். பழைய கப்பல்களில் நாள்தோறும் காற்றின் திசை, போன தூரம், நடந்தது நடக்காதது எல்லாம் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதிகள், முப்பது வருஷமாகத் துறைமுகம் துறைமுகமாகத் தேடி வாங்கியவை, அவரிடம் பத்தொன்பது இருந்தன. மற்றவர்களுக்கு அதைவிட அலுப்பான எழுத்து உலகத்தில் கிடையாது. எங்கள் இருவருக்கும் அப்படி இல்லை.

அடுத்த வருஷமே அவர் பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரியும் என்பார். புதனும் ஞாயிறும் நான் போய் வாசித்துக் காட்டுவதென்று ஏற்பட்டது. ஐந்து மணிக்குப் போனால் ஏழுக்கு எழுந்திருப்பேன். ஒரு புதன்கிழமை தாமதமாகிவிட்டது.

“என்னய்யா குமாஸ்தா, இருபது நிமிஷம் லேட்டு. காத்து இல்லையா?”

“பஸ் இல்லீங்க.”

“பாய விரிச்சிட்டு வர வேண்டியதுதானே.”

இதை அவர் சொல்லிச் சிரித்த விதத்தை வீட்டுக்குத் திரும்பி நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. இன்னொன்று வாங்கலாமா என்று அன்றைக்கு யோசித்தேன். யார் உட்காரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு மாலை ஏழு மணியிலிருந்து புதன் மாலை ஐந்து மணி வரை எழுபது மணி நேரம். அலுவலகத்தில் ‘இங்கே கையெழுத்து போடுங்க’ என்பதைத் தவிர நான் யாரோடும் எதுவும் பேசவேண்டி வருவதில்லை.

உங்கள் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன், அவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். சமையலுக்கு வந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தையல்காரரிடம் கேட்க அவருக்கு ரோஷம். தபால் ஆபீசுக்குப் போய் டெலிபோன் பேசலாமே என்றதற்கு, “மூணு நிமிஷத்துல என்னத்தப் பேசுறது? காகிதம்னா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லலாம்” என்றார். வாசிக்கவும் சொல்வார், ஒரே கடிதத்தை நான்கைந்து தடவை.

முதல் வருஷம் உள்ளது உள்ளபடி வாசித்தேன். பிறகு ஒரு கடிதத்தில், ‘அப்பா, இங்கேயே வந்துவிடுங்கள். உங்கள் புத்தகங்களுக்குத் தனி அறை ஒழித்து வைத்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டேன். நூற்றைம்பது வருஷத்துக் காகிதம் அது. ஒரு ஊர்க் காற்றுக்குப் பழகியதை எடுத்துப்போய் நீங்கள் இருக்கும் துறைமுகத்து உப்புக்காற்றில் வைத்தால் நாலே வருஷத்தில் பொடிந்துவிடும். புத்தகம் சேர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அடுத்த கடிதத்தில் ஒரு பத்தி விடவேண்டி வந்தது. விட்ட இடத்தில் வேறு ஏதாவது வைக்காவிட்டால் கடிதம் சின்னதாகத் தெரியும். ஆகவே வைத்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னால் மாறக்கூடாது என்பதற்காக ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் நீங்கள் எழுதியது, வலப்பக்கம் நான் வாசித்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த தபால் பெட்டியை நாள்தோறும் அலுவலகம் போகும் வழியில் பார்த்துவிடுவேன். கடிதம் இருந்தால் எடுத்துப்போய், வலப்பக்கத்தைத் தயார் செய்துகொண்டு, பிறகு கொண்டுபோய்க் கொடுப்பேன். ‘இந்த வருஷம் சௌகரியப்படாது அப்பா’, ‘வீடு சிறியது’, ‘அவருக்கு வேலை மாறும்போலிருக்கிறது’. எதையும் கடுமையாக வைத்ததில்லை.

அவர் சொன்ன பதில்களையும் இன்னொரு நோட்டில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். உங்களுக்கு அனுப்பிய காகிதத்தில் எழுதியது வேறு. ‘இங்கேயே நன்றாக இருக்கிறேன். வர விருப்பமில்லை. அடிக்கடி கேட்க வேண்டாம்.’ அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தால் கையெழுத்து போட்டுவிடுவார். அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று இப்போது கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

உங்கள் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை, மாற்றிவைக்கவும் இல்லை. வாசித்து முடித்ததும் அவருடைய தகரப் பெட்டியில் தேதி வரிசையில் அடுக்கினேன். கண்ணுள்ள யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்கலாம். காகிதத்துக்குத் தீங்கு செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்று வருஷமும் சில மாதங்களும் இப்படிப் போயின. அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, உறை அவர் கையில் இருந்தது. முந்தைய நாள் பெட்டியில் போடாமல் தபால்காரர் மாடிக்கே ஏறி வந்து கொடுத்திருக்கிறார், பதிவுத் தபால் என்பதால். பிரித்தேன். ‘டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதற்கும் வேண்டாம் என்றால் இனிமேல் கேட்கமாட்டேன் அப்பா’ என்று எழுதியிருந்தீர்கள்.

என்னிடம் வலப்பக்கம் இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. மழையும் காற்றும் என்று ஆரம்பித்தேன். மேற்கிலிருந்து மூன்று நாளாகப் பேய்க்காற்று, துறைமுகத்தில் நங்கூரம் பிடிக்காமல் கப்பல்கள் இழுத்துக்கொண்டு போகின்றன, வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பையனுக்குக் காய்ச்சல், இப்போது எதையும் யோசிக்க முடியாது என்று வாசித்தேன். நன்றாகவே வந்தது.

“உறைக்குள்ள அட்டையா ஏதோ தட்டுப்படுதே, என்னது?” என்றார்.

“பேரன் அனுப்பியிருக்கான். கப்பல் வரைஞ்சிருக்கான்.”

“எத்தனை பாய்மரம்?”

“மூணு.”

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். பிறகு, “காத்த இன்னொரு தரம் வாசி” என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். வாசித்தேன்.

“குமாஸ்தா, அந்தத் துறைமுகத்துக்கு நான் பதினொரு தடவை போயிருக்கேன். ஆகஸ்ட்ல நம்ம பக்கம் மாதிரி அங்க மேற்குக் காத்து கிடையாது. கிழக்க இருந்துதான் அடிக்கும். ஒரே ஒரு வருஷம் மாத்தி அடிச்சிருக்கு. மூணு நாளு. நங்கூரம் இழுத்துச்சு. அது எந்த வருஷம்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.”

எனக்குத் தெரியும். அவருடைய ஆறாவது லாக் புத்தகத்தில் அது இருக்கிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் அதிகாரி எழுதியது. அப்படி ஒரு காற்று அடித்திருக்கவே முடியாது, எழுதியவன் குடித்திருப்பான் என்று நாங்கள் இரண்டு ஞாயிறு விவாதம் செய்திருக்கிறோம். அவசரத்தில் என் வாயில் வந்தது அந்தப் பக்கம்தான்.

“எம் பொண்ணு அந்தப் புத்தகத்த வாசிச்சதில்லையே” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, “இந்தப் படமும் அந்த வருஷத்துப் படமா?” என்று கேட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பெட்டிய எடுத்து எங் கையில குடுத்துட்டுக் கிளம்பு. காலையில டெய்லர் கடை தொறந்ததும் வாசிக்கச் சொல்லிக்கிறேன். இனிமே நீ வர வேண்டாம்” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

அவரிடமிருந்து இரவல் வாங்கிய புத்தகங்கள் எட்டு என்னிடம் இருந்தன. திருப்பிக் கொடுப்பதுதான் முறை. காலை ஒன்பது மணிக்கு அவற்றை ஒரு மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். படி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கியதால் பெட்டியை இறக்கி வைத்தேன் என்று போலீசாரிடம் சொன்னேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தப்பில்லண்ணா, அவருக்குக் கடைசி வரைக்கும் கண்ணா இருந்தது நீங்கதான்” என்றீர்கள்.

மூச்சு வாங்கவில்லை. மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியை வைத்தேன். கைப்பிடியை ஒட்டி அவர் கால் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே சுவரோடு நின்றேன். தகரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நாலாவது படியில் நின்றார்.

“யாரு?”

நான் பேசவில்லை.

“குமாஸ்தா, நீதானே?”

குரலில் கோபம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். சொல்லவில்லை. அவர் அடுத்த படியில் கால் வைத்தார்.

கீழே விழுந்த பிறகும் நினைவு இருந்தது. தையல் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கடிதங்கள் படி முழுக்கச் சிதறிக் கிடந்தன. முதலில் அவற்றைப் பொறுக்கித் தேதி வரிசையில் வைத்தேன். நாற்பத்தொன்றும் இருந்தன. உங்கள் அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பி, “வாசிய்யா. ஒழுங்கா வாசி” என்றார்.

வாசித்தேன். ஆகஸ்ட் கடிதத்தை, நீங்கள் எழுதியபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாசித்தேன். முதல் பக்கம் முழுவதும் கேட்டார். டிக்கெட் என்று வந்த இடத்தில் கையை அசைத்தார். இரண்டாவது பக்கத்தில் எந்த இடம் வரை கேட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்துகிற வழக்கம் எனக்கில்லை. முடித்து, மடித்து, உறையில் வைத்துவிட்டு, மாடிக்குப் போய்ச் சுவரிலிருந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, பிறகு தையல்காரரைக் கூப்பிட்டேன்.

ஆகவே உங்கள் அப்பாவைக் கொன்றது நான்தான். புத்தகங்களைக் காப்பாற்றத்தான் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவையெல்லாம் இப்போது என் அறையில்தான் இருக்கின்றன. உரக்க வாசித்தும் பார்த்தேன். தவறாக வாசித்தால் திருத்த ஆள் இல்லை.

இனி, அவர் உங்களுக்கு உண்மையில் என்ன சொன்னார் என்பது. முப்பத்தெட்டுக் கடிதங்கள், அவர் பேச்சு மாறாமல் என் நோட்டில் இருக்கின்றன. உங்கள் பிறந்தநாளுக்குச் சொன்னது இருக்கிறது. பேரனுக்குச் சொன்ன கப்பல் கதை இருக்கிறது. ‘நான் வந்தா உனக்குப் பாரமா இருக்குமா பாப்பா, ஒளிக்காம சொல்லு’ என்று கேட்டது இருக்கிறது. அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, உண்மை நகல்.

இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசாரிடம் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. அவர்கள் வந்தால் நோட்டையும் கட்டி எடுத்துப்போய்ப் பதிவறையில் போடுவார்கள். அங்கே காகிதம் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. நான் சொல்வது அதைவிடச் சுலபம். நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் நான் ஒன்று அனுப்புகிறேன். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். மீதி முப்பத்தேழு இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு மேலாகவே நாம் இருவரும் தனியாக இல்லாமல் இருக்கலாம்.